'உதிரி' என்று எழுதி மூட்டை கட்டிவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழில், ஓலைச்சுவடிகளைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றும் பணி குறித்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அதில் போகிற போக்கில் ஒரு வரி வந்தது: முழுச் சுவடிகளை முடித்த பிறகு நேரமும் பணமும் மிஞ்சினால் உதிரி ஏடுகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று. இந்தக் கடிதம் அந்த ஒரு வரிக்கான மறுப்பு. மறுக்கும் தகுதி எனக்கு எவ்வளவு உண்டு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 31 ஆண்டுகள் நூலகப் பணியில் இருந்த நான், ஒரு காலத்தில் கட்டு அவிழ்ந்து கிடந்த ஓலைகளை ஒன்றாகச் சேர்த்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, பதிவேட்டில் "உதிரி ஏடுகள் – 61" என்று என் கையாலேயே எழுதிவைத்தவன். அந்த 61 என்ற எண்ணைத் தவிர அவற்றைப் பற்றி வேறு எதையும் நான் குறித்துவைக்கவில்லை.

அது எத்தகைய தவறு என்பதை எனக்குப் புரியவைத்தது ஓலை அல்ல. ஏற்காட்டில் ஒரு வீட்டுச் சுவரில் தொங்கிய ஆட்டுத்தோல் ஏடு ஒன்று. கிரேக்கத்தில் எழுதப்பட்டது. ஏற்காட்டில் கிரேக்க ஏடா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைச் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த காலந்தொட்டு, அங்கே வந்து தங்கிய தோட்டக்காரர்கள் விட்டுச்சென்ற பெட்டிகளில் என்னவெல்லாம் இருந்தது என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. என் நண்பர் சிறிய மிளகுத் தோட்டத்தோடு ஒரு பழைய பங்களாவை வாங்கியபோது, நாற்காலி, மேசை, கடிகாரத்தோடு கண்ணாடிச் சட்டமிட்ட இந்த ஏடும் வந்து சேர்ந்தது. ஏதோ மந்திரத் தகடு என்று நினைத்துத்தான் அவர் அதைக் கழற்றாமல் விட்டிருந்தார். ஐப்பசி மழையில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, "சார், கண்ணாடிக்குள்ள அது மூச்சு விடுது, வந்து பாருங்க" என்றார். ஈரக்காற்று பட்டால் தோல் உப்பும், வெயில் வந்தால் இறுகும். பதப்படுத்திய தோல் என்றாலும் அதன் இயல்பு போவதில்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் உறவினரிடம், நகைவேலைக்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் சிறு பூதக்கண்ணாடியை இரவல் வாங்கிக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து போய்ச் சேர்ந்தேன்.

ஏடு ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான உயரம் இருந்தது. இரண்டு பத்திகளாக எழுத்து, பத்திக்கு 23 வரி, இரும்புத்துரு நிறத்தில் மை. சில சொற்களின் தலையில் ஒரு கோடு இழுத்திருந்தது. இறைவன், ஆண்டவர், இயேசு முதலிய திருப்பெயர்களை முதல் எழுத்தும் கடைசி எழுத்துமாகச் சுருக்கி எழுதி மேலே கோடு போடுவது கிரேக்க விவிலிய ஏடுகளின் வழக்கம் என்பதால், இது சமயநூல் என்பது அந்தக் கோட்டிலேயே தெரிந்துவிட்டது. வரிகளுக்கு மேலும் கீழும் சிவப்பு மையில் கொக்கியும் புள்ளியுமாகச் சின்னஞ்சிறு குறிகள் இருந்தன. பூச்சி எச்சமோ என்று முதலில் நினைத்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அவை வாக்கியத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒழுங்காக அமைந்திருந்தன. அவை ஆலயத்தில் நற்செய்தியை ஓசையோடு ஓதுபவர் குரலை எங்கே ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்பதைக் காட்டும் குறிகள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

படங்களைக் குருமடத்தில் கிரேக்கம் படித்த இளம் குருவானவர் ஒருவரிடம் காட்டினேன். பத்தியின் தலையில் இருந்த பெரிய சிவப்பு எழுத்தில் தொடங்கி அவர் விரல் வைத்து வாசித்தார்: "தோ கைரோ எகெய்னோ." வாசித்துவிட்டுச் சிரித்தார். "ஐயா, இதை நீங்களே ஞாயிறுதோறும் கேட்கிறீர்களே! 'அக்காலத்தில்' என்பதுதான் இது" என்றார். நம் ஊர்க் கத்தோலிக்க ஆலயங்களில் நற்செய்தி வாசகம் 'அக்காலத்தில்' என்றே தொடங்குவதை எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன்; ஏன் அப்படித் தொடங்குகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. நற்செய்தி நூலில் அந்த இடத்தில் அச்சொல் இல்லை. நூலின் நடுவிலிருந்து ஒரு பகுதியைத் தனியே எடுத்து வாசிக்கும்போது தொடக்கம் அந்தரத்தில் நிற்காமல் இருக்க முன்னால் ஒட்டவைத்த சொல் அது. ஆகவே அச்சொல் இருக்கும் ஏடு, நான்கு நற்செய்திகளையும் வரிசையாக எழுதிய நூலிலிருந்து வந்ததல்ல. ஆலய வாசக நூலிலிருந்து வந்தது.

அடுத்த அடையாளம் ஒரு பெயர். கிழிந்த ஏட்டில் எந்தப் பகுதி இருக்கிறது என்று கண்டுபிடிக்க இயற்பெயர்களைப் போல உதவுவது வேறொன்றில்லை. 'சொன்னார்', 'போனார்' என்பவை ஆயிரம் இடத்தில் வரும், ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் அப்படி வருவதில்லை. நான்காம் வரியில் சக்கேயு இருந்தார். எரிகோவில் அத்திமரத்தில் ஏறி நின்ற குள்ளமான வரிதண்டுபவர். லூக்கா நற்செய்தி, 19ஆம் அதிகாரம். கீழைத் திருச்சபையின் வாசக நூல் உயிர்ப்பு ஞாயிறன்று யோவானில் தொடங்கி, பிறகு மத்தேயு, அதன்பின் லூக்கா, தவக்காலத்தில் மாற்கு என்று ஆண்டைச் சுற்றிவருகிறது. அந்த வரிசையில் சக்கேயுவின் ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறு, பரிசேயரும் வரிதண்டுபவரும் கோவிலுக்குப் போன கதை. அதுவோ 18ஆம் அதிகாரம். விவிலியத்தில் முன்னால் இருப்பது வாசக நூலில் பின்னால் வருகிறது. வாசக நூலின் ஏடுகளை விவிலிய அதிகார வரிசைப்படி அடுக்க முயன்றால் அவை ஒருநாளும் ஒழுங்காக வரா. காலத்தைப் பொறுத்தவரை, எழுத்து கூட்டெழுத்தாக ஓடும் சிற்றெழுத்து வடிவம். அவ்வடிவில், நாள் குறிப்போடு கிடைத்துள்ள மிகப் பழைய கிரேக்க நூல் 835இல் எழுதப்பட்ட ஒரு நற்செய்திப் பிரதி; இப்போது ரஷ்யாவின் சென்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருக்கிறது. ஆக எங்கள் ஏடு அதற்குப் பிந்தியது என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதுவரை வேலை எளிது. என்ன வாசகம், எவ்வகை நூல், ஏறக்குறைய எக்காலம் என்பதெல்லாம் எழுத்திலேயே இருக்கின்றன. எந்த நூல், அதன் மற்ற ஏடுகள் இன்று எங்கே என்று கேட்டால்தான், விடை எழுத்தில் இல்லாமல் எழுத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் இருப்பது தெரிகிறது. தோல் நூல்களைப் பெரும்பாலும் நான்கு தோல்தாள்களை மடித்து, எட்டு ஏடு கொண்ட மடிப்பாகத் தைப்பார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் ஓரத்தில் வரிசை எண் இருக்கும். நம் சுவடியில் க, உ, ங, ச என்று எண்ணியதைப் போலவே கிரேக்கரும் தம் எழுத்துகளையே எண்ணாக வைத்துக்கொண்டார்கள். மடிப்பின் முதல் ஏட்டு ஓரத்தில் கப்பாவும் (20) பீட்டாவும் (2) இருந்தால் அது 22ஆம் மடிப்பு. முன்னால் 21 மடிப்புகள், அதாவது 168 ஏடுகள் போயிருக்கின்றன என்று உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போடலாம். வரி கோணாமல் இருக்க மையில்லாத கூரிய முனையால் கோடு கீறுவார்கள். ஒரு பக்கம் பள்ளமாகவும் மறுபக்கம் மேடாகவும் அது தெரியும். கோட்டுக்கு அளவு வைக்க ஓரத்தில் ஊசியால் துளையிடுவார்கள். இந்தக் கோட்டு அமைப்புகள் பட்டறைக்குப் பட்டறை மாறுபடுவதால், ழூலியன் லெருவா என்ற பிரெஞ்சு அறிஞர் 1976இல் அவற்றை மட்டுமே வகைப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டார். தோலுக்கு மயிர்ப்பக்கம், தசைப்பக்கம் என்று இரண்டு முகம் உண்டு. மயிர்ப்பக்கம் சற்று மஞ்சளாக, மயிர்க்கால் புள்ளிகளோடு இருக்கும்; தசைப்பக்கம் வெளுத்திருக்கும். நூலைத் திறந்தால் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே முகமாக இருக்கும்படி அடுக்குவது மரபு என்பதை 1885இல் கண்டு சொன்னவர் காஸ்பர் ரெனே கிரகரி. அமெரிக்காவில் பிறந்து, ஜெர்மனியில் பேராசிரியராகி, 67 வயதில் முதல் உலகப்போரில் ஜெர்மானியப் படையில் சேர்ந்து, 70 வயதில் களத்திலேயே உயிர்விட்ட விந்தையான மனிதர். இரண்டு உதிரி ஏடுகள் அருகருகே இருந்தவையா என்று பார்க்க முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அவற்றின் முகங்கள் ஒத்துப்போகின்றனவா என்பதுதான்.

ஏற்காட்டு ஏட்டில் இவற்றில் எதையும் பார்க்க முடியவில்லை. யாரோ ஒருவர், எந்த ஊரிலோ, சட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக நான்கு ஓரங்களையும் கத்தியால் நேர்த்தியாக வெட்டியிருக்கிறார். ஊசித்துளைகள் போய்விட்டன. மடிப்பெண் இருந்திருந்தால் அதுவும் போய்விட்டது. பின்பக்கத்தை முழுவதுமாக அட்டையில் பசை போட்டு ஒட்டியிருக்கிறார். எழுத்தில் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. அழகான பகுதியைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்திருப்பார். அந்த ஏட்டின் முகவரி அவர் குப்பையில் கொட்டிய நான்கு தோல் நறுக்குகளில் இருந்தது.

முகவரி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. கிரகரி 1908இல் வகுத்த முறைப்படி, ஒவ்வொரு கிரேக்கப் புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதிக்கும் ஓர் எண் உண்டு. பேரெழுத்துப் பிரதிகளின் எண் சுழியத்தில் தொடங்கும். சிற்றெழுத்துப் பிரதிகளுக்கு வெறும் எண். வாசக நூல்களுக்குத் தனி வரிசை. ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரில் 1959இல் குர்ட் ஆலண்ட் தொடங்கிய ஆய்வு நிறுவனம் அந்தப் பட்டியலை இன்றும் பராமரித்துவருகிறது. அதில் 070 என்ற எண்ணைப் பார்த்தால், பக்கத்தில் 0110, 0124, 0178, 0179, 0180 முதலிய பத்து எண்கள் சேர்ந்து நிற்கின்றன. எகிப்தின் சோகாக் நகருக்கு அருகிலுள்ள வெள்ளை மடத்தில் இருந்த, கிரேக்கமும் கொப்டிக் மொழியும் கலந்த ஒரே நூலின் ஏடுகள் அவை. லண்டன், பாரிஸ், வியன்னா, ஆக்ஸ்போர்டு என்று சிதறிப்போய், ஒவ்வோர் இடத்திலும் தனி நூல் என்று கருதப்பட்டுத் தனித்தனி எண் வாங்கிக்கொண்டவை. ஒரே கை, ஒரே வரிக்கணக்கு என்று பார்த்துப் பார்த்துத்தான் அவற்றை ஒன்றாக்கினார்கள். அவ்வாறு ஓர் எண் நீங்கும்போது பட்டியல் சுருங்குகிறது, நூல் வளர்கிறது. என் 61 உதிரிகளும் ஒருவேளை மூன்றே சுவடிகளாக இருந்திருக்கலாம்.

ஊதா நிறம் தோய்த்த தோலில் வெள்ளி மையால் எழுதிய 6ஆம் நூற்றாண்டு நற்செய்தி நூல் ஒன்றின் கதையும் இதுதான். அதில் இன்று கிடைப்பவை 231 ஏடுகள். சென்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 182, பத்மு தீவின் மடத்தில் 33, மீதி வத்திக்கான், லண்டன், வியன்னா, நியூயார்க் முதலிய இடங்களில் சில சிலவாக. இன்னும் பெயர்பெற்றது சீனாய் மலைப் பிரதி என்ற பழைய கிரேக்க விவிலியம். ஜெர்மானிய அறிஞர் திஷெண்டார்ப் 1844இல் அம்மலையடியிலுள்ள புனித கேத்தரின் மடத்திலிருந்து 43 ஏடுகளை லைப்சிக்குக் கொண்டுபோனார். 1859இல் பெரும்பகுதி ரஷ்யாவுக்குப் போனது. அதில் 347 ஏடுகளைச் சோவியத் அரசு 1933இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு ஒரு லட்சம் பவுனுக்கு விற்றது. எல்லாம் முடிந்துவிட்டது என்று உலகம் நினைத்திருந்தபோது, 1975இல் அதே மடத்தில் அடைபட்டுக் கிடந்த அறை ஒன்றில் மேலும் 12 ஏடுகளும் பல துண்டுகளும் வெளிப்பட்டன. கட்டுரையாளர் சொன்னபடி "நேரம் மிஞ்சினால் பார்ப்போம்" என்று அந்த அறையை மறுபடி அடைத்திருந்தால் அவை இன்றும் உள்ளேதான் இருந்திருக்கும். நான்கு இடத்து ஏடுகளும் 2009இல் கணினித் திரையில் ஒரே நூலாகச் சேர்ந்தன. யாரும் யாருக்கும் ஓர் ஏட்டைக்கூடத் திருப்பித் தரவில்லை என்பது வேறு விஷயம்.

எல்லாச் சிதறலும் காலத்தால் வந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஓட்டோ எகே என்பவர், 1951இல் இறக்கும் வரை, இடைக்காலக் கையெழுத்து நூல்களை வாங்கி ஏடு ஏடாகப் பிரித்துப் பெட்டிகளில் வைத்து விற்றார். பெரும்பாலும் லத்தீன் நூல்கள். ஏழைக் கல்லூரிக்கும் ஓர் ஏடு கிடைக்கட்டும் என்பது அவர் சொன்ன நியாயம். பலாப்பழத்தைச் சுளை சுளையாக விற்பதுபோல் நூலையும் விற்கலாம் என்று அவர் நினைத்துவிட்டார். அவர் பிரித்தவற்றைச் சேர்ப்பதே இன்று பல அறிஞர்களுக்கு வேலையாக இருக்கிறது.

இப்போது நம் ஓலைகளுக்கு வருகிறேன். 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், உ.வே. சாமிநாதையரிடம் "சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?" என்ற பொருளில் கேட்ட கேள்வியிலிருந்துதான் பழந்தமிழ் நூல்களின் மறுபிறப்புத் தொடங்கியது என்பதைச் சேலத்துக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்வோம். ஏழு ஆண்டு கழித்து, 1887இல், சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. அந்த ஏழு ஆண்டும் ஐயர் செய்த வேலையில் பாதி, பிரதியோடு பிரதியை ஒத்துப்பார்த்து, ஒன்றில் விட்டுப்போனதை இன்னொன்றில் தேடியெடுத்ததுதான். ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடப்பட்ட ஏடுகளைப் பற்றி அவர் எழுதியதைப் படித்து வருந்துகிற நாம், ஆற்றில் விடாமல் பீரோவில் விட்டிருக்கிறோம்.

ஓர் ஓலையைப் பார்த்து என்ன குறித்துவைக்கலாம் என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது, பொறுமைதான் இல்லை. இடப்பக்க ஓரத்தில் ஏட்டெண் இருக்கும். கயிறு கோக்கவும் நாராசம் என்ற கம்பியைச் செருகவும் போட்ட துளைகள் இருக்கும். இரண்டு துளைகளுக்கும் இடையிலுள்ள தூரம் ஒரே சுவடியின் ஓலைகளில் ஒத்துவரும், வேறு சுவடியில் ஒரு விரற்கடையாவது மாறும். ஓலையின் நீளம், பக்கத்துக்கு எத்தனை வரி, எழுத்தாணியின் அழுத்தம் ஆகியவையும் உண்டு. பாட்டாக இருந்தால் செய்யுள் எண் உண்டு. அந்தாதியாக இருந்தால் வேலையே இல்லை. ஓர் ஓலையின் கடைசிச் சொல் அடுத்த ஓலையின் முதல் சொல்லைத் தானே கூப்பிடும். கிரேக்க ஏடுகளை ஆய்பவர்களுக்கு அப்படியொரு வசதி வாய்க்கவில்லை. பூச்சி அரித்த துளைகூடச் சாட்சிதான்: ஒரே புழு அடுத்தடுத்த ஓலைகளைத் துளைத்துப் போயிருக்கும், துளைகளை நேராக்கினால் ஓலைகள் தாமாகவே வரிசைக்கு வரும். நானோ 61 ஓலைகளையும் தூசி தட்டி, அரிப்பு மிகுந்த நுனிகளைக் கத்தரித்து, ஒரே அளவாக்கிக் கட்டினேன். ஏற்காட்டுச் சட்டத்துக்குள் அந்த ஏட்டைப் பார்த்தபோது வெட்டியவர்மேல் கோபம் வராமல் போனதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே சுவடிகளைப் படமெடுக்கும் பணியில் இருப்போருக்குத் தங்கள் நாளிதழ் வழியாக நான் வைக்கும் வேண்டுகோள் மிகச் சிறியது. உதிரிகளை முதலில் படமெடுங்கள். முழுச் சுவடி இன்னும் பத்தாண்டு தன்னைத்தானே காத்துக்கொள்ளும், தனி ஓலை காத்துக்கொள்ளாது. இரண்டு பக்கங்களையும், ஓரம் முழுவதும் தெரிய, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள். எந்த வீட்டிலிருந்து, எந்தக் கட்டோடு, எந்த ஆண்டு வந்தது என்பதை, அற்பமாகத் தோன்றினாலும், எழுதிவையுங்கள். அடையாளம் தெரியவில்லை என்பதற்காகப் பட்டியலில் சேர்க்காமல் விடாதீர்கள். 'பெயர் தெரியாதது' என்றே போட்டு, முதல் வரியையும் கடைசி வரியையும் எழுதி வெளியிடுங்கள். நாமக்கல்லிலோ யாழ்ப்பாணத்திலோ அதன் அடுத்த ஓலையை வைத்திருப்பவர் அந்த வரியைப் படிக்கக்கூடும். வீடுகளில் வைத்திருப்பவர்கள் சட்டம் போடவேண்டாம், ஒட்டவேண்டாம், நுனியை வெட்டவேண்டாம்.

என் 61 ஓலைகள் நான் பணியாற்றிய இடத்தில், நான் கட்டிய அதே மூட்டையில் இருப்பதாக இப்போதைய நூலகர் சொன்னார். அனுமதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். கிடைத்தால் தை மாதத்திலிருந்து வாரம் இரண்டு நாள் போய்த் துளைக்குத் துளை அளந்து குறிப்பதாக இருக்கிறேன். ஏற்காட்டு நண்பரும், மழை முழுவதுமாக நின்று தோல் இறுகிய பிறகு, இத்தகைய வேலை தெரிந்த ஒருவரை அழைத்து அட்டையிலிருந்து ஏட்டைப் பிரித்தெடுக்கச் சம்மதித்திருக்கிறார். பின்பக்கத்தில் பரிசேயர் இருந்தால் எங்கள் ஊகம் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.